சிகாகோவில் ஐந்து நாள், தை மாதக் குளிரில்: வாசகர் கேள்வி – பதில்

அரையாண்டு விடுமுறைக்கும் பொங்கலுக்கும் பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா கிளம்பும் குடும்பங்கள் மதுரைப் பக்கம் பெருகிவிட்டன. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சிகாகோ பற்றியவை. எல்லாருக்கும் கையில் இருப்பது நாலைந்து நாள்தான். அத்தனை குறைந்த நாளில் ஒரு நாள் சளி, காய்ச்சல் என்று படுத்துவிட்டால்கூடப் பயணத்தில் கால்வாசி போய்விடும். அதனால் பதில்களைக் கொஞ்சம் விரிவாகவே தருகிறோம்.

"ஜனவரி 10-லிருந்து ஐந்து நாள் சிகாகோ நகரத்துக்குள் தங்கப் போகிறோம். கொடைக்கானலுக்கு வாங்கிய ஸ்வெட்டர் இருக்கிறது, அது போதும் என்கிறார் என் கணவர். போதுமா?"
– வாசகி, மேலமாசி வீதி, மதுரை

போதாது, அம்மா. கொடைக்கானலில் நடுங்க வைக்கும் இரவில்கூட வெப்பநிலை பெரும்பாலும் பூஜ்யத்துக்கு மேலேதான் நிற்கும். சிகாகோவில் ஜனவரி மாதத்து நண்பகலே பூஜ்யத்தை ஒட்டியிருக்கும். இரவில் மைனஸ் 7, 8 சர்வசாதாரணம். இது சராசரிக் கணக்கு. துருவக் காற்று கனடா வழியாக இறங்கும் நாட்களில் நிலைமை வேறு. 2019 ஜனவரி 30-ம் தேதி மைனஸ் 31 வரை போனது. அந்த நகரத்தில் பதிவான மிகக் குறைந்த அளவு 1985 ஜனவரி 20-ல் மைனஸ் 33.

ஆனால் எண்ணைப் பார்த்து மட்டும் பயப்பட வேண்டாம். காற்றைப் பாருங்கள். நம் தோலை ஒட்டி மெல்லிய வெதுவெதுப்பான காற்றுப் படலம் ஒன்று எப்போதும் இருக்கும். மிச்சிகன் ஏரிக் காற்று அதை அடித்துக்கொண்டு போய்விடும்; உடம்பு திரும்பத் திரும்பச் சூடாக்கிச் சூடாக்கிக் களைத்துப்போகும். மைனஸ் 18 டிகிரியில் மணிக்கு 24 கிலோமீட்டர் வேகக் காற்று வீசினால் அது மைனஸ் 28 போலத் தோலைத் தாக்கும். மூடாத மூக்கும் காதும் அரை மணி நேரத்தில் உறையத் தொடங்கிவிடும். கொடைக்கானல் ஸ்வெட்டர் கம்பளிதான், சூடுதான். ஆனால் பின்னலுக்கு நடுவே இருக்கும் ஓட்டை வழியாகக் காற்று நேரே உள்ளே வந்துவிடும்.

அதற்காக அதைத் தூக்கிப்போட வேண்டாம், நடு அடுக்காக வைத்துக்கொள்ளலாம். மூன்று அடுக்கு தேவை. உள்ளே தெர்மல், மேலுக்கும் காலுக்கும், ஆளுக்கு இரண்டு செட். அது உடம்பைப் பிடித்தாற்போல இருக்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் பயனில்லை. விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக் கடைகளில் தெர்மல் கிடைக்கும், ஆனால் லேபிளைப் படித்து வாங்குங்கள். பருத்தி அதிகமாக இருந்தால் வேண்டாம். நம் ஊர் வெயிலுக்குப் பருத்தி ஏன் நல்லதோ, அதே காரணத்தால்தான் அங்கே அது கெட்டது: வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், சீக்கிரம் காயாது, ஈரத் துணி உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். பாலியெஸ்டரோ மெரினோ கம்பளியோ வாங்குங்கள். நடுவில் உங்கள் ஸ்வெட்டர் அல்லது ஃப்ளீஸ் எனும் மெத்தென்ற செயற்கை இழைச் சட்டை. வெளியே காற்று புகாத, தொடை வரை நீண்ட, தலைமூடி உள்ள ஜாக்கெட். இந்த ஜாக்கெட்டை இங்கே தேடி அலைய வேண்டாம். மகனையோ மகளையோ அவர்கள் நண்பர்களிடம் இரவல் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் அங்கேயே வாங்குங்கள். கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு குளிர்கால உடுப்புக்குத் தள்ளுபடி தொடங்கிவிடும். விலைச்சீட்டில் விற்பனை வரி சேர்ந்திருக்காது, பில் போடும்போது 10 சதவீதத்துக்கு மேல் கூடும்.

செருப்புக் கடையில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். வழக்கமான அளவில் பூட்ஸ் வாங்கி, அங்கே போய்த் தடித்த கம்பளி சாக்ஸை அதற்குள் திணிப்பார்கள். கால் இறுகி ரத்த ஓட்டம் குறையும், விரல் மரத்துப்போகும், சாக்ஸ் போட்டும் குளிர்கிறதே என்று இரண்டாவது சாக்ஸையும் போடுவார்கள். இன்னும் மோசமாகும். சாக்ஸைப் போட்டுக்கொண்டே அளவு பாருங்கள். உள்ளே விரல்களை மடக்கி நீட்ட இடம் வேண்டும். அடிப்பாகம் ஆழமான வெட்டுள்ள ரப்பராக இருக்க வேண்டும், மேல்பாகம் தண்ணீர் புகாததாக இருக்க வேண்டும். நடைபாதையில் உப்பைக் கொட்டிப் பனியை உருக்குவார்கள். அந்தக் கரிய குழம்பு துணி ஷூவுக்குள் ஐந்து நிமிடத்தில் இறங்கிவிடும். தோல் ஷூவில் வெள்ளைக் கறை பூக்கும்.

கைக்கு, ஐந்து விரலும் தனித்தனியாக இருக்கும் கையுறையைவிட நாலு விரலும் ஒன்றாக இருக்கும் பை போன்ற உறை சூடு. காதை மூடும் கம்பளிக் குல்லா. கழுத்துக்கு மப்ளர், அதையே மூக்கு வரை இழுத்துவிடலாம்.

இன்னொன்று. கட்டடங்களுக்குள்ளும் ரயிலுக்குள்ளும் 20 டிகிரிக்கு மேல் சூடேற்றி வைத்திருப்பார்கள். அங்கே ஜாக்கெட்டை இழுத்து மூடியபடியே உட்கார்ந்தால் வியர்க்கும், வியர்வையோடு வெளியே வந்தால் நடுக்கம் எடுக்கும்.  உள்ளே நுழைந்ததும் ஜிப்பைத் திறந்து குல்லாவைக் கழற்றுங்கள். கதவுக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு வெளியே வாருங்கள். அலுப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் ஒவ்வொரு முறையும் செய்யுங்கள்.

தோலில் ஓரிடம் வெளுத்து, மெழுகு போலாகி, உணர்ச்சி இல்லாமல் போனால் அது பனிக்கடி. தேய்க்கக் கூடாது. ஹீட்டர் முன்னால் காட்டவும் கூடாது. மரத்த தோல் சுடுவதே தெரியாமல் வெந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

"அத்தைக்கு 68 வயது. சேலை தவிர வேறு எதுவும் உடுத்த மாட்டார். சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறார். கூட்டிப் போகலாமா?"
– வாசகி, திருப்பரங்குன்றம்

தாராளமாகக் கூட்டிப் போகலாம். சேலைக்குள் தெர்மல் கால்சட்டை, அதன் மேல் கம்பளி லெக்கிங்ஸ், அப்புறம்தான் பாவாடை. ரவிக்கைக்கு மேல் முழுக்கை ஃப்ளீஸ். சேலையை வழக்கத்தைவிட மூன்று விரல் உயர்த்திக் கட்டச் சொல்லுங்கள். கரை உப்புத் தண்ணீரில் நனைந்தால் அந்த ஈரம் கணுக்கால்வரை ஏறும், அதோடு பனியில் கால் தடுக்கும். முந்தானை கோட்டுக்குள் அடங்கியிருக்கட்டும், ஊக்குக் குத்திவிடுங்கள். எஸ்கலேட்டரில் முந்தானை சிக்கும் ஆபத்தும் இதனால் குறையும். பூட்ஸ் பக்கவாட்டு ஜிப் வைத்ததாகப் பாருங்கள். குனிந்து கயிறு கட்டுவது இந்த வயதில் சிரமம். கோயிலுக்குப் போனாலும் கழற்ற எளிது.

இன்சுலினைப் பெட்டியில் போட்டு விமானத்தின் அடியில் அனுப்பாதீர்கள், கைப்பையில்தான் இருக்க வேண்டும். மருத்துவர் சீட்டு கூடவே இருக்கட்டும். சிகாகோவில் வெளியே போகும்போது இன்சுலின் பேனாவைக் கைப்பையின் வெளி அறையில் வைத்தால் உறைந்துவிடும். ஒரு முறை உறைந்த இன்சுலின் உருகியபின் பார்ப்பதற்கு அப்படியேதான் இருக்கும், ஆனால் வேலை செய்யும் என்று நம்ப முடியாது, தூக்கி எறியத்தான் வேண்டும். அதனால் கோட்டின் உள் பாக்கெட்டில், உடம்பை ஒட்டி இருக்கட்டும். சர்க்கரை பார்க்கும் கருவியும் குளிரில் பிழை காட்டும், அறைக்குள் வந்து கருவி சூடான பிறகு பாருங்கள். சர்க்கரைக்காரர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும், கால் மரத்ததே தெரியாது. இரவில் சாக்ஸைக் கழற்றி விரல் இடுக்கு வரை நீங்களே பாருங்கள். வெந்நீர்ப் பை வைக்க வேண்டாம்.

நேரக் கணக்கும் முக்கியம். குளிர்காலத்தில் சிகாகோ நமக்குப் பதினொன்றரை மணி நேரம் பின்னால். அங்கே காலை 8 மணி என்றால் இங்கே இரவு ஏழரை. இரவும் பகலும் தலைகீழ். பயண நாளில் ஊசியை எந்த மணிக்கு, எத்தனை யூனிட் என்று உங்கள் மருத்துவரிடமே தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது சர்க்கரை நோயை மறைக்காமல் சொல்லி, முன்பே இருக்கும் நோய்க்கும் பாதுகாப்பு உண்டா என்று பார்த்து வாங்குங்கள். அதற்குப் பணம் கூடத்தான் செய்யும், ஆனால் அந்த ஊர் மருத்துவமனைக் கட்டணத்துக்கு முன்னால் அது ஒன்றுமில்லை. அவசரத்துக்கு 911.

நடப்பது பற்றி ஒரு வார்த்தை. தரை நனைந்தது போல மினுங்கினால் அது பெரும்பாலும் கண்ணாடிப் பனிக்கட்டி. வாத்து நடப்பது போல, அடி சிறிதாக, பாதம் முழுதும் பதிய நடக்க வேண்டும். கை பாக்கெட்டுக்குள் இருக்கக் கூடாது. விழுந்தால் ஊன்ற முடியாது.

"இணையத்தில் பார்த்தால் முப்பது இடம் எழுதியிருக்கிறார்கள். ஐந்து நாளில் எதைப் பார்ப்பது, எதை விடுவது?"
– வாசகர், கே.கே.நகர், மதுரை

முதலில் வெளிச்சத்தைக் கணக்கிடுங்கள். ஜனவரி நடுவில் சூரியன் ஏழேகால் மணிக்கு எழும், நாலே முக்காலுக்கெல்லாம் இருட்டிவிடும். டிசம்பர் என்றால் நாலு இருபதுக்கே மறைந்துவிடும். வெளியே நின்று பார்க்க வேண்டியதை முற்பகல் 11 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் நடுவில் வையுங்கள். மற்ற நேரமெல்லாம் கூரைக்குள். ஒரு நாளைக்கு ஒரு திசை; காலையில் வடக்கு, மாலையில் தெற்கு என்று ஓடினால் பஸ் நிறுத்தத்தில் நிற்கும் நேரமே உங்களைச் சாய்த்துவிடும்.

தங்குவது லூப் என்று சொல்லும் நடுநகரத்தில் இருக்கட்டும். ஜனவரி, பிப்ரவரியில்தான் அங்கே ஓட்டல் வாடகை மிகக் குறைவு. ஆனால் அறை வாடகைக்கு மேல் 17 சதவீதத்துக்கும் அதிகமாக வரி வரும், அதையும் சேர்த்து ஒப்பிடுங்கள். ஊருக்கு வெளியே நேப்பர்வில்லில் உறவினர் வீடு இருக்கிறது என்று தினமும் போய்வர நினைத்தால், ரயிலே ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஐந்து நாளில் மூன்று இரவாவது நகரத்துக்குள் தங்குங்கள்.

இறங்கிய நாளில் திட்டம் எதுவும் வேண்டாம். இரவு மூன்று மணிக்கு விழிப்பு வரும், பகல் இரண்டு மணிக்குத் தூக்கம் தள்ளும். நண்பகலில் அரை மணி நேரம் வெளிச்சத்தில் நடந்துவிட்டு இரவு எட்டு வரை தூங்காமல் தாக்குப்பிடியுங்கள்.

இரண்டாம் நாள் லூப். சிகாகோ கல்ச்சுரல் சென்டர் 1897-ல் நூலகமாகக் கட்டியது, அனுமதி இலவசம், உள்ளே அண்ணாந்து பார்த்தால் டிஃபனி கண்ணாடிக் கவிமாடம். எதிரே மில்லெனியம் பூங்கா. அனிஷ் கபூர் செய்த, கண்ணாடி போல மின்னும் அந்தப் பெரிய எஃகு அவரைவிதை, கிளவுட் கேட், அங்கேதான். அதற்குப் பதினைந்து நிமிடம் போதும். பூங்காவின் நீரூற்று குளிர்காலத்தில் ஓடாது. சறுக்கு மைதானம் இருக்கும், சறுக்குக் காலணியை வாடகைக்குத் தருவார்கள். பிறகு ஆர்ட் இன்ஸ்டிடியூட்டுக்குள் போய்விடுங்கள். அங்கே மாலை வரை நேரம் போவதே தெரியாது. வாரத்தில் இரண்டு நாள் மூடுவார்கள், பெரும்பாலும் செவ்வாயும் புதனும். முதலில் அதைப் பார்த்துவிட்டு மற்ற நாட்களை அடுக்குங்கள். அங்கே சீராவின் ஞாயிற்றுக்கிழமை ஓவியத்தையும் ஹாப்பரின் இரவுப் பறவைகளையும் பார்க்கத்தான் எல்லாரும் போவார்கள். நீங்கள் இந்தியக் கூடத்தையும் விட்டுவிடாதீர்கள். நாகப்பட்டினத்திலிருந்து போன, சோழர் காலத்துக் கருங்கல் புத்தர் அங்கே தியானத்தில் உட்கார்ந்திருக்கிறார். சுமார் 12-ம் நூற்றாண்டு. தமிழ்நாட்டில் பௌத்தம் எத்தனை காலம் நின்றது என்பதற்கு அந்தச் சிலையே சாட்சி. ஐந்து நிமிடமாவது முன்னால் நில்லுங்கள்.

லூப்பில் கட்டடங்களுக்கு அடியில் பெட்வே என்று ஒரு சுரங்க நடைபாதை பல தெருக்களை இணைக்கிறது. முழுக்கத் தொடர்ச்சியாக இராது, நடுவில் விட்டுவிட்டுப் போகும், வார இறுதியில் சில வாசல்கள் பூட்டியிருக்கும். ஆனாலும் காற்று அடிக்கும் நாளில் கைகொடுக்கும்.

மூன்றாம் நாள் ஏரிக்கரையில் இருக்கும் அருங்காட்சியகங்கள். ஃபீல்டு அருங்காட்சியகத்தில் சூ என்று பெயரிட்ட டைனோசரின் எலும்புக்கூடு. பக்கத்திலேயே ஷெட் மீன் காட்சியகம். இரண்டையும் ஒரே நாளில் அடைக்காதீர்கள், பிள்ளைகள் இருந்தால் மீன், பெரியவர்கள் மட்டும் என்றால் ஃபீல்டு. ரூசவெல்ட் ரயில் நிலையத்திலிருந்து நடந்துவிடலாம் என்று வரைபடம் காட்டும், கோடையில் நடக்கலாம். ஜனவரியில் அந்தத் திறந்தவெளியில் ஏரிக்காற்று முகத்தை அறையும், வாசல்வரை போகும் பஸ்ஸைப் பிடியுங்கள். ஏரியின் ஓரத்தில் பனி பாறைபோல உறைந்து கிடக்கும், அழகாகத்தான் இருக்கும். அதன் மேல் காலை வைக்கவே கூடாது. அடியில் அலை அரித்து வெற்றிடமாக இருக்கும்.

நாலாம் நாள் தெற்கே, ஹைட் பார்க். மில்லெனியம் நிலையத்திலிருந்து மெட்ரா எலெக்ட்ரிக் ரயிலில் போய் 57-வது தெருவில் இறங்கினால் அறிவியல், தொழில் அருங்காட்சியகம் நடக்கும் தூரம். 1944-ல் அமெரிக்கக் கடற்படை பிடித்த ஜெர்மன் நீர்மூழ்கி யு-505 அங்கே முழுதாக நிற்கிறது. பக்கத்தில்தான் சிகாகோ பல்கலைக்கழகம். வானியற்பியலாளர் சுப்ரமணியன் சந்திரசேகர் 1937-லிருந்து கடைசிவரை பணியாற்றிய இடம். சங்கப் பாடல்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன ஏ.கே.ராமானுஜன் பாடம் நடத்தியதும் அங்கேதான்.

வில்லிஸ் டவருக்கு நாள் குறிக்காதீர்கள். 110 மாடி, 442 மீட்டர். பார்வைத் தளம் 103-வது மாடியில். மேகம் இறங்கிய நாளில் மேலே போனால் வெள்ளைச் சுவரைத்தான் பார்க்க முடியும். முன்கூட்டியே நாள் போட்டுச் சீட்டு வாங்கினால் மாட்டிக்கொள்வீர்கள். ஐந்து நாளில் எந்தக் காலை வானம் தெளிந்திருக்கிறதோ அன்று, அந்தக் காலையில் வாங்குங்கள். டாக்காவில் பிறந்த பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான் அதை ஒன்பது சதுரக் குழாய்களை ஒன்றாகக் கட்டிய கட்டு போல வடிவமைத்தார். ஒற்றைக் குச்சி வளையும், கட்டு வளையாது; காற்றைத் தாங்குவது அப்படித்தான். குழாய்கள் வெவ்வேறு உயரத்தில் நின்றுவிடுவதைக் கீழிருந்தே பார்க்கலாம். உயரமான கட்டடங்களின் ஓரத்தில் பனிக்கட்டி விழும் என்று எச்சரிக்கைப் பலகை வைத்திருந்தால் தெருவின் மறுபக்கம் போங்கள்.

ஐந்தாம் நாளைக் காலியாக விடுங்கள். பனிப்புயல் ஒரு நாளைத் தின்றுவிடும் என்று வைத்துக்கொண்டே கிளம்ப வேண்டும். புயல் வராவிட்டால் லிங்கன் பார்க் விலங்குக் காட்சிசாலை, கார்ஃபீல்டு பார்க் கண்ணாடித் தோட்டம். முதலாவதுக்குக் கட்டணம் இல்லை, இரண்டாவதில் நம் ஊர்ப் புழுக்கமே இருக்கும்.

இலவச நாள் என்று அருங்காட்சியகங்கள் அறிவிப்பது பெரும்பாலும் இல்லினாய் மாநிலத்தில் வசிப்போருக்கு மட்டும். உங்கள் மகனுக்குக் கிடைக்கும், உங்களுக்குக் கிடைக்காது. பல இடத்துக்கும் சேர்த்துத் தரும் சிட்டிபாஸ் சீட்டு, நாலைந்து இடம் உண்மையாகவே போவதாக இருந்தால்தான் கட்டும்.

"விவேகானந்தர் பேசிய இடம் இன்னும் இருக்கிறதா?"
– வாசகர், மானாமதுரை

இருக்கிறது, மேலே சொன்ன ஆர்ட் இன்ஸ்டிடியூட் கட்டடமேதான். 1893 செப்டம்பர் 11-ம் தேதி சர்வ சமய மாநாடு அங்கே தொடங்கியது. அவர் பேசிய பெரிய மண்டபம் தற்காலிகமாக அமைத்தது, அது இப்போது இல்லை. கட்டடம் இருக்கிறது. அதன் முன்னால் ஓடும் மிச்சிகன் அவென்யூவின் ஒரு பகுதிக்கு அவர் பெயரில் கௌரவப் பலகை உண்டு. உங்கள் சீமைக்கும் அதற்கும் நெருங்கிய உறவு. அவரை மதுரையில் சந்தித்து, சிகாகோ போகச் சொல்லி ஊக்கப்படுத்தியவர்களில் முதன்மையானவர் ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி. திரும்பி வந்தபோது 1897 ஜனவரி 26-ல் பாம்பனில் இறங்கியவரை வரவேற்றதும் சேதுபதிதான். அவர் இறங்கிய பாம்பன் குந்துகாலைப் பார்த்துவிட்டு சிகாகோ போகிறவர்களுக்கு ஆர்ட் இன்ஸ்டிடியூட் படிகளில் நிற்பது தனி அனுபவம்.

"மதுரையிலிருந்து டிக்கெட்டை எப்படிப் போடுவது? மதுரை–சென்னையைத் தனியாகப் போட்டால் விலை குறைகிறது."
– வாசகர், திருமங்கலம்

விசா கையில் வராமல் டிக்கெட்டே போடாதீர்கள், சார். பி-2 எனும் சுற்றுலா விசாவுக்குக் கட்டணம் 185 டாலர். டிஎஸ்-160 விண்ணப்பப் படிவத்தில் ஒரு பிழை இருந்தாலும் திரும்ப நிரப்ப வேண்டி வரும். கைரேகைக்கு ஒரு நாள், நேர்காணலுக்கு ஒரு நாள் என்று சென்னைக்கு இரண்டு வேலை. நேர்காணலுக்குக் காத்திருப்பு நீளும் என்பதால் தை மாதப் பயணத்துக்குச் சித்திரையிலேயே தொடங்குவது நல்லது.

டிக்கெட் தனித்தனியாக இருந்தால், மதுரை விமானம் தாமதமாகி சென்னையில் அடுத்ததைத் தவறவிட்டால் பொறுப்பு உங்களுடையது. ஒரே பதிவு எண்ணில் இருந்தால் விமான நிறுவனத்துடையது. மிச்சப்படும் சில ஆயிரத்துக்காக இந்த ஆபத்தை ஏற்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. அப்படியும் தனியாகத்தான் என்றால் முதல் நாளே சென்னை போய்விடுங்கள். பாண்டியன் எக்ஸ்பிரஸில் போகிறவர்கள் எழும்பூர் வரை போக வேண்டாம், தாம்பரத்தில் இறங்கினால் மின்சார ரயிலில் நாலாவது நிறுத்தம் திரிசூலம், எதிரே விமான நிலையம்.

டிசம்பர், ஜனவரியில் டெல்லி வழியைத் தவிருங்கள், விடியற்காலை மூடுபனியில் விமானங்கள் மணிக்கணக்கில் நிற்கும். சென்னைக்கும் கார்த்திகை, மார்கழியில் புயல் உண்டு; 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது விமான நிலையத்தையே மூடினார்கள். பொங்கலை ஒட்டிய நாட்களில் அந்தத் தொல்லை குறைவு. சென்னையிலிருந்து தோஹா, துபாய், அபுதாபி வழிகள் வசதி. அபுதாபி வழியாகப் போனால் அமெரிக்கக் குடிநுழைவுச் சோதனையை அங்கேயே முடித்துவிடுவார்கள். அதற்கு நேரம் பிடிக்கும், அதனால் இடைவெளி மூன்று மணி நேரத்துக்குக் குறையக் கூடாது.

தங்கும் முகவரி, திரும்பும் டிக்கெட், மகனின் தொலைபேசி எண், மூன்றையும் தாளில் எழுதிக் கையில் வைத்திருங்கள். எத்தனை நாள் வந்திருக்கிறீர்கள் என்று அதிகாரி கேட்டால் நேராக "ஐந்து நாள்" என்று சொன்னால் போதும். விசாவில் பத்து வருடம் என்று போட்டிருந்தாலும், எந்தத் தேதி வரை தங்கலாம் என்பதை அதிகாரி பதியும் ஐ-94 பதிவுதான் தீர்மானிக்கும்.

ஓஹேர் விமான நிலையத்தில் வெளிநாட்டு விமானங்களில் பெரும்பாலானவை ஐந்தாம் முனையத்தில் இறங்கும். நகரத்துக்குப் போகும் புளூ லைன் ரயில் அங்கே கிடையாது. முனையங்களுக்கு நடுவே ஓடும் இலவசச் சிறு ரயிலில் உள்நாட்டு முனையங்களுக்குப் போய்ப் பிடிக்க வேண்டும். லூப்புக்கு முக்கால் மணி நேரம், இரவிலும் ஓடும். விமான நிலையத்தில் ஏறும்போது மட்டும் கட்டணம் வழக்கத்தைவிட ஏறக்குறைய இருமடங்கு. நாலு பேர், எட்டுப் பெட்டி என்றால் டாக்சியே மேல். ரயில் நிலைய நடைமேடைகளில் தலைக்கு மேல் சூடாக்கும் விளக்கு இருக்கும். பட்டனை அழுத்தினால்தான் எரியும், தெரியாமல் அதன் கீழேயே நடுங்கிக்கொண்டு நிற்பார்கள்.

"பேத்திக்கு இட்லி அரிசி, உளுந்து, கருவேப்பிலை, நாட்டுக்கோழி ஊறுகாய், ஒரு பந்து மல்லிகை எல்லாம் கொண்டுபோகலாமா?"
– வாசகி, மேலூர்

நீங்கள் எழுதியதில் மல்லிகை தவிர ஒன்றுகூடப் பெட்டிக்குள் போகக் கூடாது, அம்மா. கோழிக்கறி எந்த வடிவிலும் ஆகாது. அரிசிக்கும் முழுப் பயறுக்கும் தடை காப்ரா வண்டினால். கிடங்கில் தானியத்தை மாவாக்கிவிடும் அந்தப் பூச்சி நம் நாட்டிலிருந்து போய்விடக் கூடாது என்பதற்காக. கருவேப்பிலை எலுமிச்சை, ஆரஞ்சுக் குடும்பத்துச் செடி. அந்தத் தோட்டங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் தொற்றி வரும். மல்லிகையைச் சொல்லிவிட்டுக் காட்ட வேண்டும், பிரித்துச் சோதிப்பார்கள். அதற்குள் மல்லி வாடிவிடும்.

சாம்பார்ப் பொடி, இட்லிப் பொடி, மாங்காய் ஊறுகாய், வறுத்த முறுக்கு, சீடை, கருப்பட்டி கொண்டுபோங்கள். கடைப் பாக்கெட்டாக, பெயர் அச்சிட்டதாக இருந்தால் கேள்வி குறையும். ஊறுகாயை இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுப் பெட்டியில் வையுங்கள். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் எண்ணெய்ப் பதார்த்தம் விடமாட்டார்கள். எதைக் கொண்டுபோனாலும் "உணவுப் பொருள் இருக்கிறதா" என்ற கேள்விக்கு "இருக்கிறது" என்றே சொல்லுங்கள். சொல்லிவிட்டால் ஆகாததை எடுத்துக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். மறைத்துப் பிடிபட்டால் அபராதம் 300 டாலரில் தொடங்கும். இட்லி அரிசியும் உளுந்தும் சிகாகோவின் டெவன் அவென்யூவில் மூட்டை மூட்டையாக இருக்கிறது.

"சுத்த சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது? கோயில் இருக்கிறதா?"
– வாசகர், சோழவந்தான்

டெவன் அவென்யூவில் வெஸ்டர்ன் அவென்யூவுக்கும் கலிஃபோர்னியா அவென்யூவுக்கும் நடுவே தோசை, இட்லி, சாப்பாடு எல்லாம் கிடைக்கும். லூப்பிலிருந்து ரெட் லைன் ரயில், பிறகு டெவன் பஸ், ஒரு மணி நேரம் ஆகும். தினமும் போக முடியாது. நடுநகரத்தில் சூப் கேட்டால் கோழிச் சாற்றில் செய்ததா என்று கேளுங்கள், காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் கேளுங்கள். மெக்சிகன் கடைகளில் அவரைக் கூட்டில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு. சிகாகோவுக்கே உரிய ஆழச்சட்டி பிட்சா வேக முக்கால் மணி ஆகும், பசியோடு போய் உட்காராதீர்கள். மேசைக்கு வந்து பரிமாறும் உணவகங்களில் பில்லுக்கு மேல் 18 முதல் 20 சதவீதம் பரிமாறுபவருக்குத் தர வேண்டும். அது விருப்பம் என்று பெயர்தான், தராமல் வருவது அங்கே மரியாதை இல்லை.

கோயில்கள் புறநகரில். அரோராவில் வெங்கடேஸ்வரர் கோயில், லெமான்டில் ராமர் கோயில். இரண்டுக்கும் கார் வேண்டும். அரோரா வரை ரயில் உண்டு, ஆனால் நிலையத்திலிருந்து கோயிலுக்கு டாக்சி பிடிக்க வேண்டும். உறவினர் காரில் அழைத்துப்போகும் நாளில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே பூட்ஸ் இல்லாமல்தான் போக வேண்டும், தடித்த சாக்ஸ் இருக்கட்டும்.

"வாடகைக் கார் எடுத்து நானே ஓட்டலாமா?"
– வாசகர், உசிலம்பட்டி

நம் ஊர் உரிமத்தை வைத்து ஓட்டச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் நகரத்துக்குள் வேண்டாம். வலப்பக்க ஓட்டமும் பனியும் ஒரே நேரத்தில் பழக வேண்டிய விஷயம் அல்ல. டிசம்பர் 1 முதல் ஏப்ரல் 1 வரை முக்கியச் சாலைகளில் விடிகாலை 3 முதல் 7 மணி வரை நிறுத்தினால், பனி விழுந்தாலும் விழாவிட்டாலும் இழுத்துப்போய்விடுவார்கள்.

"பணம், போன், சார்ஜர் பற்றிச் சொல்லுங்கள்."
– வாசகி, வாடிப்பட்டி

நோட்டாக ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரை வாங்கலாம்; ஐந்து நாளுக்குச் சில நூறு போதும், மீதி கார்டில். வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் தட்டிச் செலுத்தும் வசதியையும் கிளம்பும் முன்பே இயக்கிவிடுங்கள். புதுக் கார்டுகளில் இவை அணைத்தே வரும். ரயில் கதவில் கார்டைத் தட்டிவிட்டு உள்ளே போகலாம். ஆளுக்கு ஒரு கார்டாகக் கொண்டுபோனால் வாசலில் நெரிசல் இல்லை.

மின்சாரம் அங்கே 120 வோல்ட், தட்டையான இரண்டு முள். சார்ஜரில் 100–240 என்று அச்சிட்டிருந்தால் முள் மாற்றி மட்டும் போதும். இங்கத்து மிக்சியும் இஸ்திரிப் பெட்டியும் ஓடாது.

வானிலை ஃபாரன்ஹீட்டில் சொல்வார்கள். 32 என்றால் பூஜ்யம், 14 என்றால் மைனஸ் 10, 0 என்றால் மைனஸ் 18. போனை வெளிப் பாக்கெட்டில் வைத்தால் 40 சதவீதம் காட்டிய பேட்டரி திடீரென்று அணைந்துவிடும். லித்தியம் பேட்டரி குளிரில் மின்சாரத்தைத் தர முடியாமல் திணறுவதுதான் காரணம், பழுது இல்லை. உள் பாக்கெட்டில் வைத்துச் சூடானதும் மீண்டும் உயிர் பெறும். மகன் வீட்டு முகவரியும் ஓட்டல் பெயரும் போனில் மட்டும் இல்லாமல் ஒரு தாளிலும் இருக்கட்டும்.